லேப்டாப் திரைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

அருள்புரம் பனியன் கம்பெனி ஆபீசுகளில் இப்போது லேப்டாப் இல்லாமல் வேலை நடக்காது. ஆர்டர் அதிலே வருகிறது. அளவுப் பட்டியல் அதிலே இருக்கிறது. சம்பளக் கணக்கும் அதிலேதான். வீட்டில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போனால், அங்கேயும் ஒன்று வேண்டும்.

கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது.

"இது எச்.டி. இது புல் எச்.டி. அது 4கே!" என்று கடைக்காரர் அடுக்குகிறார். படிக்குப் படி விலை ஏறுகிறது. கையில் இருப்பதோ சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். கொடுக்கலாமா, கூடாதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புல் எச்.டி. வரை கொடுக்கலாம். அதற்கு மேலே பெரும்பாலோருக்கு வேண்டாம்.

புள்ளிக் கணக்கு

திரை என்பது புள்ளிகளின் கூட்டம். 1366க்கு 768 என்ற பழைய திரையில் சுமார் 10 லட்சத்து 49 ஆயிரம் புள்ளிகள். தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய 2011-ல் இதுதான் சாதாரணமாகக் கிடைத்த திரை. 1920க்கு 1080 என்ற புல் எச்.டி.யில் 20 லட்சத்து 73 ஆயிரம். 4கே திரையில் 82 லட்சத்து 94 ஆயிரம்!

அடேயப்பா, 8 மடங்கு! ஆனால் கண்ணுக்கும் 8 மடங்கு தெரியுமா?

தெரியாது. நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவருக்கு இது சட்டென்று விளங்கும். டயா வேறு, கேஜ் வேறு. 24 கேஜ் என்றால் ஒரு அங்குலத்துக்கு 24 ஊசி. டயா பெரிதானால் துணி அகலமாகும். நயமாகாது. நயத்துக்குக் கேஜ் ஏற வேண்டும். திரையின் 15.6 அங்குலம் என்பது டயா மாதிரி. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதுதான் கேஜ்.

15.6 அங்குலத் திரையில் பழைய வகைக்கு அங்குலத்துக்கு 100 புள்ளி. புல் எச்.டி.க்கு 141. 4கே என்றால் 282. நல்ல பார்வையுள்ள கண், 2 அடி தூரத்தில், அங்குலத்துக்குச் சுமார் 140 புள்ளி வரைதான் பிரித்துப் பார்க்கும். அதற்கு மேலே உள்ள புள்ளிகளுக்குப் பணம் போகும். பார்வைக்கு அவ்வளவாக எட்டாது.

"போனில் 300, 400 என்கிறார்களே?" என்று கேட்பீர்கள். போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கிறோம். லேப்டாப்பை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

100-லிருந்து 141-க்குப் போவது மட்டும் நன்றாகத் தெரியும். அதிலும் தமிழ் படிக்கிறவர்களுக்கு! நம் எழுத்தில் சுழி அதிகம். ண-வுக்கு ஒரு சுழி கூடுதல், ன-வுக்கு ஒன்று குறைவு. மேலே புள்ளி வேறு. பழைய திரையில் சின்ன எழுத்தாக வந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்போதுதான் படிக்கப் பழகும் அம்மாவுக்கு அது பெரிய தொல்லை.

இரண்டும் கிடைக்காது

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையில் இதைச் சொல்வது அபூர்வம்.

எக்செல் கணக்கில் பழைய திரை சுமார் 20 கட்டம் காட்டும். புல் எச்.டி. 29 கட்டம் காட்டும். ஆர்டர் ஷீட் பார்க்கிறவருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அதே 15.6 அங்குலத்தில் எழுத்து முக்கால் அளவுக்கும் கீழே சுருங்கிவிடும். கண் கூசுகிறதே என்று எழுத்தை 125 சதவீதம் ஆக்கினால் 23 கட்டம். 150 ஆக்கினால் 19 கட்டம்தான்! பழைய திரையைவிட ஒன்று குறைவு.

எழுத்து தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் தெளிவும் பெரிய எழுத்தும் நிறையக் கட்டமும் ஒரே திரையில் சேர்ந்து கிடைக்காது. நாற்பது தாண்டி வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் இதை யோசித்துக்கொண்டு போக வேண்டும்.

நாள் முழுவதும் ஷீட் பார்க்கிறவர் 4கே கேட்பதற்குப் பதிலாக, 24 அங்குல மானிட்டர் ஒன்றை லேப்டாப்போடு இணைத்துக்கொள்ளலாம். எழுத்தும் பெரிது, கட்டமும் அதிகம்.

ஷேடு தகராறு

புள்ளி கூடினால் நிறம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. புல் எச்.டி. என்று எழுதியிருந்தாலும் மலிவான திரை நிறங்களை வெளுப்பாகவே காட்டும். விவரத்தாளில் "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்று கண்டால் அது அந்த ரகம். "100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி." என்றால் நல்லது. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாமல் இருக்க ஐ.பி.எஸ். திரை கேளுங்கள்.

அப்போதும் சாயத் துணிக்குத் திரையைப் பார்த்து ஓ.கே. சொல்லக் கூடாது. லேப் டிப்பை லைட் பாக்சில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எந்த விலை லேப்டாப்பும் அந்த வேலையைச் செய்யாது.

பிரிண்டிங் டிசைன் போடுகிறவர்கள், எம்பிராய்டரி டிசைன் போடுகிறவர்கள், போட்டோ வேலை செய்கிறவர்கள் கதை வேறு. அவர்கள் உற்றுப் பார்ப்பவர்கள். கூடுதல் புள்ளி அவர்களுக்குச் சோறு போடும். மற்றவர்கள் அந்தப் பணத்தை 8 ஜி.பி.யிலிருந்து 16 ஜி.பி. நினைவகத்துக்கு மாறப் போடட்டும். 4கே திரைக்கு மின்சாரமும் அதிகம். பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

பழைய லேப்டாப்பில் திரையை மட்டும் மாற்றலாமா? சிலவற்றில் முடியும். பின் எண்ணிக்கையும் கேபிளும் பொருந்த வேண்டும். ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புக்குப் புதுத் திரை போடுவது, இற்றுப்போன சட்டைக்குப் புது காலர் தைப்பதுதான்.

கடையில் பளபளவென்று ஒரு மலைக்காட்சி வீடியோ ஓடும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 2 அடி தள்ளி உட்காருங்கள். லேப்டாப்பை உபயோகிக்கப்போகிறவர் யாரோ, அவரே உட்கார வேண்டும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு!