கடைமடைக் கிராமத்துக்கும் வானொலி எட்ட வேண்டும்

தலைமடையில் தண்ணீர் நிறைந்து ஓடினாலும் கடைமடை வயல் காய்ந்து கிடப்பது உண்டு. இடையில் கசிந்து வீணாவதே அதற்குக் காரணம். வேளாண்மைச் செய்திகளைச் சொல்லும் சமுதாய வானொலிகளிலும் இதே குறை இருக்கிறது. நிலையத்தில் நல்ல கருவி இருந்தும், எல்லையோரக் கிராமங்களில் பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை. பல இடங்களில் இதற்குக் காரணம், கருவியையும் கோபுரத்தின் உச்சியில் உள்ள ஏரியலையும் இணைக்கும் கேபிள்தான்.

வானொலி வேளாண்மைக்குச் செய்த தொண்டு சிறிதன்று. 1960களில் திருச்சி வானொலியின் மூலம் பரவிய ஆடுதுறை 27 ரகத்தைத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006இல் மத்திய அரசு தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் இந்த வாய்ப்பை அளித்தது. இந்நிலையங்களில் வழக்கமாக இருப்பது 50 வாட் டிரான்ஸ்மிட்டர்; கோபுரத்தின் உயரம் 30 மீட்டர் வரை. இவ்வளவு சிறிய சக்தியில் ஒரு பகுதி வழியிலேயே வீணாவது பெரிய நட்டம்.

கேபிளில் நடப்பது என்ன?

இந்தக் கேபிளின் நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி மின்காப்புப் பொருள், அதன் மேல் உலோகப் பின்னல், வெளியே கறுப்பு உறை இருக்கும். மின்சக்தியின் ஒரு பகுதி கம்பியிலும் காப்புப் பொருளிலும் வெப்பமாக மாறி வீணாகிறது. நீளமான, சன்னமான குழாயில் தண்ணீரின் வேகம் குறைவதைப் போல, கேபிள் நீளமும் சன்னமும் ஆக ஆக நட்டமும் கூடும்.

கோபுரம் 30 மீட்டர், அங்கிருந்து அறை வரை 10 மீட்டர் என மொத்தம் 40 மீட்டர் கேபிள் தேவை என்று கொள்வோம். எப்.எம். அலைவரிசையில் ஆர்.ஜி.58 என்னும் சன்னமான கேபிளைப் போட்டால், 50 வாட்டில் சுமார் 11 வாட்தான் ஏரியலைச் சேரும். அதைவிடத் தடித்த ஆர்.ஜி.213 கேபிளில் சுமார் 26 வாட் சேரும். நுரைக் காப்பும் நெளிந்த செம்புக் குழாயும் கொண்ட அரை அங்குல கேபிளில் சுமார் 40 வாட் சேரும். மூன்றிலும் டிரான்ஸ்மிட்டர் ஒன்றே. மின் கட்டணமும் ஒன்றே.

சமதரையில் 40 வாட்டுக்கு 10 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும் ஒலிபரப்பு, 11 வாட்டுக்குச் சுமார் 7 கிலோமீட்டரில் நின்றுவிடும். மூன்று கிலோமீட்டர்தானே என்று எண்ணலாகாது. பரப்பளவில் கணக்கிட்டால் ஏறத்தாழ பாதி நிலம் கைவிட்டுப் போகிறது. அங்குள்ள சிறு விவசாயிக்குப் பூச்சி எச்சரிக்கையும் மழை அறிவிப்பும் கிடைப்பதில்லை.

மீட்டரை மட்டும் நம்பலாகாது

டிரான்ஸ்மிட்டரில் உள்ள மீட்டர் 50 வாட் என்று காட்டும். அது கேபிளுக்குள் போகும் அளவே. மேலே சேரும் அளவன்று. ஏரியல் பழுதானால் சக்தி திரும்பி வரும். அதையும் மீட்டர் காட்ட வேண்டும். ஆனால் சன்னமான கேபிள் அந்தத் திரும்பும் சக்தியையும் வழியிலேயே விழுங்கிவிடும். ஏரியல் முற்றிலும் கெட்டு, வந்த 11 வாட்டையும் திருப்பி அனுப்பினாலும், கீழே உள்ள மீட்டரில் 3 வாட்டுக்கும் குறைவாகவே தெரியும். ‘எல்லாம் சரியாக உள்ளது’ என்று நிலையத்தார் நம்பிவிடுவர். எனவே ஆண்டுக்கு ஒரு முறையாவது கேபிளின் மேல் முனையிலும் சக்தியை அளந்து பார்ப்பது அவசியம்.

கவனிக்க வேண்டியவை

1. டிரான்ஸ்மிட்டரைக் கோபுரத்தின் அடியிலேயே ஒரு சிறு அறையில் வைக்கலாம். ஒலிப்பதிவு அறையிலிருந்து பேச்சைக் கொண்டுவரும் கம்பி சற்று நீண்டாலும் பெரிய நட்டமில்லை. செலவு குறைந்த வழி இதுவே.

2. மீந்த கேபிளைச் சுருட்டி வைக்கக் கூடாது. சுருளில் உள்ள நீளமும் சக்தியைத் தின்னும்.

3. டி.வி. கேபிள் 75 ஓம். ஒலிபரப்புக் கருவிகள் 50 ஓம். மலிவாகக் கிடைக்கிறதென்று அதைப் பயன்படுத்தலாகாது.

4. மேல் முனை இணைப்பில் மழைநீர் இறங்கினால் உலோகப் பின்னல் பச்சை பூத்துக் கெடும். இணைப்புகளை நீர் புகாத ரப்பர் நாடாவால் சுற்ற வேண்டும். கேபிள் அறைக்குள் நுழையுமுன் கீழே வளைந்து ஏறும்படி அமைத்தால், நீர் வெளியிலேயே சொட்டிவிடும்.

5. அணில் கடித்த இடம், வெயிலில் வெடித்த உறை, கூர்மையான வளைவு ஆகியவற்றைப் பருவமழைக்கு முன் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

தடித்த கேபிளின் விலை பல மடங்கு என்பது உண்மை. பணம் போதாத நிலையத்தார் சன்னமானதை வாங்குவதில் வியப்பில்லை. ஆனால் ஒலிப்பதிவு அறையின் அலங்காரத்தைப் பிறகு செய்துகொள்ளலாம். கோபுரத்தில் ஏற்றிய கேபிளை மாற்றுவது எளிதன்று. கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, ஓட்டைக் குழாயில் நீர் பாய்ச்சுபவர் உண்டா? வானொலிக்கு நிதி வழங்குவோர், கேபிளுக்கு உரிய தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும்.

நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் இடம்பெறும் விவசாயிகளும் இதைப் பொறியாளர் வேலை என்று ஒதுக்கிவிடலாகாது. ‘ஏரியலுக்கு எத்தனை வாட் போய்ச் சேருகிறது?’ என்று அவர்கள் கேட்கலாம். எல்லையோரக் கிராமங்களில் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று மாதம் ஒரு முறை குறித்துக் கொடுக்கலாம். நிகழ்ச்சி எவ்வளவு சிறந்ததாயினும், கடைசிக் கிராமத்து விவசாயியின் காதில் விழுந்தால்தான் அது பயன் தரும்.