ஜாஸ் ரத்தத்தில் வந்ததல்ல

ஜாஸ் இசையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வாசகம் தவறாமல் வந்து நிற்கும்: அந்தக் கறுப்பினக் கலைஞர்கள் யாரிடமும் போய்க் கற்கவில்லை, அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. கேட்கப் பாராட்டுபோல இருக்கிறது. ஆனால் அவர்களுடைய உழைப்பையும், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுகிற பேச்சு இது. எவ்வளவு தவறான பேச்சு என்று அறிய 1923-ஆம் ஆண்டின் ஒரே ஒரு குழுவைப் பார்த்தால் போதும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் நகரில், ஜென்னட் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏழு பேர் கூடினார்கள். சிகாகோவின் லிங்கன் கார்டன்ஸ் நடன அரங்கில் வாசித்துவந்த ‘கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட்’ அது. ஒலிப்பதிவுக்கு மைக் வராத காலம். பெரிய புனல் ஒன்றை நோக்கி எல்லோரும் வாசிக்க, அந்த அதிர்வில் ஊசி அசைந்து மெழுகுத் தட்டில் தடம் போடும். கூடத்தை ஒட்டி ரயில் பாதை. ரயில் வந்தால் வேலை நிற்கும்.

இரண்டாவது கார்னெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங், அப்போது வயது 21. ‘பிறவி மேதை’ என்ற பட்டம் அதிகம் சுமத்தப்பட்டவர் இவர்தான். 1912 டிசம்பர் 31 இரவு நியூ ஆர்லியன்ஸ் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காகப் பிடிபட்ட இவரை, 11 வயதில், கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் சிறுவர்களைக் கொண்டு ஒரு பேண்ட் நடத்திக்கொண்டிருந்தார். பையனுக்கு முறையாகக் கார்னெட் பழக்கி, அந்தக் குழுவுக்கே தலைவனாக்கியவர் அவர். இல்லத்தை விட்டு வந்த பிறகு, பின்னாளில் ‘கிங்’ எனப்பட்ட ஜோ ஆலிவர் தன் பழைய கார்னெட் ஒன்றைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். அடுத்தது மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகள். ஃபேட் மராபிள் நடத்திய படகுக் குழுவில் இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தே ஆக வேண்டும். அங்கே மெலஃபோன் வாசித்த டேவிட் ஜோன்ஸ், ஓய்வு நேரங்களில் ஆம்ஸ்ட்ராங்குக்குக் குறிப்பு வாசிக்கக் கற்றுத்தந்தார். 1922-இல் ஆலிவர் சிகாகோவுக்கு அழைத்தபோது போய்ச் சேர்ந்தவர், பல ஆசிரியர்களின் கையில் வளர்ந்த மாணவர்.

டிரம்ஸ் வாசித்த பேபி டாட்ஸும் அதே படகுக் குழுவில் இருந்தவர். அவருக்கும் அண்ணன் ஜானிக்கும் வீட்டிலேயே இசை. தந்தை வயலின் வாசிப்பார். கிளாரினெட் கலைஞரான ஜானி டாட்ஸ் பாடம் கேட்டது லொரன்சோ டியோ இளையவரிடம். டியோ குடும்பம் ஐரோப்பியச் செவ்வியல் இசையில் தேர்ந்த கிரியோல் குடும்பம், அதாவது ஐரோப்பிய, ஆப்பிரிக்கக் கலப்பு வம்சாவளியினர். முந்தைய தலைமுறையினர் மெக்சிகோவில் பிறந்து நியூ ஆர்லியன்ஸ் திரும்பியவர்கள். சிட்னி பெஷே, பார்னி பிகார்ட், ஜிம்மி நூன் என்று கிளாரினெட்டில் பெயரெடுத்த பலரும் அந்தக் குடும்பத்திடம் பயின்றவர்கள்தான். 1890-களில் நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் இறுகி, கிரியோல் மக்களையும் மற்றக் கறுப்பின மக்களையும் ஒரே வேலிக்குள் தள்ளின. கொடுமையான சட்டங்கள். அந்த வேலிக்குள்தான் குறிப்பு படித்து வாசித்தவர்களும் காதால் கேட்டு வாசித்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பியானோவில் இருந்த லில் ஹார்டினின் வழி வேறு. மெம்ஃபிஸ் நகரில் வளர்ந்து, நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ப்ளூஸ் என்றாலே அவர் வீட்டில் ஆகாது. சிகாகோ வந்தபின் ஓர் இசைக் கடையில் வாரம் 3 டாலர் சம்பளத்துக்கு, வாடிக்கையாளர்கள் கேட்கும் பாட்டுத் தாள்களை வாசித்துக் காட்டும் வேலை. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்திருந்த ஒரு குழுவில் முதல்முறை வாசிக்கப்போனவர் இசைக்குறிப்பைக் கேட்டார். அப்படி எதுவும் கிடையாது என்றார்கள். எந்தச் சுருதி என்று கேட்டதற்கு, இரண்டு தட்டு கேட்டதும் தொடங்கிவிடு என்றார்கள். தொடங்கினார், அந்தக் குழுவிலேயே நிலைத்தும்விட்டார். பல்கலைக்கழகம் தராத ஒரு பாடத்தை அந்த மேடையில் படித்தார். அதுவும் படிப்புதான். 1928-இல் சிகாகோவிலும் அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் இசைக் கல்லூரிப் பட்டயங்களையும் அவர் பெற்றார் என்பது பலருக்குத் தெரியாது.

ட்ராம்போன் வாசித்த ஆனரே டூட்ரே கடற்படையில் இருந்தபோது விபத்தில் நுரையீரல் கெட்டுப்போனவர். மூச்சு வாங்கும், மருந்தை உறிஞ்சிவிட்டு வந்து வாசிப்பார். செல்லோவுக்கென்று அச்சான பகுதிகளை வாங்கி ட்ராம்போனில் பழகியவர். பான்ஜோவை எடுத்த பில் ஜான்சன், ‘ஒரிஜினல் கிரியோல் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற முந்தைய குழுவைப் பல நகரங்களுக்குக் கூட்டிச்சென்ற மூத்த கை.

இப்படி ஏழு திசையிலிருந்து வந்தவர்கள் சேர்ந்ததன் பலன் பதிவுகளில் கேட்கிறது. ‘சைம்ஸ் ப்ளூஸ்’ இசைத்தட்டில் லில்லின் பியானோ மணியோசையைக் கொண்டுவருகிறது. ஆம்ஸ்ட்ராங்கின் முதல் தனி வாசிப்பும் அதில்தான் பதிவானது. ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் முன்னறிவிப்பே இல்லாமல் இரட்டைக் கார்னெட்டில் ஒரே இடைவெளியில் பாய்வதைப் பார்த்து லிங்கன் கார்டன்ஸ் கூட்டம் மலைத்தது. மாயம் எதுவும் இல்லை. அடுத்து வரப்போகும் வரியை ஆலிவர் சற்று முன்னதாகவே கோடிகாட்டுவார். அதைப் பிடித்து, இசைவான இரண்டாம் வரியை ஆம்ஸ்ட்ராங் சேர்ப்பார். காது, நினைவு, சுருதி ஞானம் மூன்றும் ஒரு நொடியில் வேலை செய்ய வேண்டும். பல ஆண்டு பழக்கம் இல்லாமல் எந்த ரத்தமும் இதைத் தராது.

வெள்ளையர் கற்றால் கல்வி, கறுப்பினத்தவர் கற்றால் இயல்பூக்கம் என்று பிரித்த காலத்தின் மிச்சம்தான் ‘ரத்தத்தில் வந்தது’ என்ற பேச்சு. இன்றும் அதை ஆராயாமல் திருப்பிச் சொல்வது அநியாயம். ஜாஸ் பற்றி எழுதுகிறவர்கள் ஆம்ஸ்ட்ராங்கின் பெயரோடு பீட்டர் டேவிஸையும் ஃபேட் மராபிளையும், ஜானி டாட்ஸின் பெயரோடு டியோவையும் எழுத வேண்டும். லில் ஹார்டினை ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி என்ற ஒற்றை வரியில் அடைப்பதை நிறுத்த வேண்டும். 1923-இல் வெளியான பதிவுகளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை 2024 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. இணையத்தில் எளிதாகவே கிடைக்கின்றன. தேடிக் கேளுங்கள்.