பொறுமை வாடிக்கையாளரின் கடமையா?

புதிய சமையலறைக் கருவி ஒன்றுக்கு முழு விலையையும் முன்கூட்டியே செலுத்தியவர், வாக்களிக்கப்பட்ட மாதம் கடந்தும் பொருள் வராத நிலையில், கேள்வி எழுப்பாமல் காத்திருப்பதே பண்பு என்னும் நம்பிக்கை இணைய வணிகம் பரவிய நாடுகளிலெல்லாம் வேரூன்றியிருக்கிறது. புதுமைக்குக் காலம் பிடிக்கும், அவசரப்படுத்தினால் தரம் கெடும், சிறிய நிறுவனத்தை நெருக்கக் கூடாது என்னும் வாதங்களை விற்பவர் மட்டும் முன்வைப்பதில்லை. பணம் கட்டிய பிற வாடிக்கையாளர்களே அவற்றைச் சொல்லி, கணக்குக் கேட்பவரை அடக்குகிறார்கள். இந்நம்பிக்கை தவறானது என்பதோடு தீங்கானது என்றும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். எந்தத் தாமதத்தையும் மன்னிக்கலாகாது என்பது இங்கு வாதமன்று. காத்திருக்கும் முடிவு வாங்கியவருக்கு உரியது, அதை அவருடைய கடமையாக மாற்றும் அதிகாரம் விற்றவருக்கு இல்லை என்பதே வாதம்.

முன்பதிவு என்பது பொருளாதார நோக்கில் எத்தகைய உறவு என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். வழக்கமான சில்லறை வணிகத்தில் உற்பத்தியாளர் தம் முதலீட்டைப் போட்டுப் பொருளைச் செய்து கடைக்கு அனுப்புகிறார். பொருள் உருவாகாமல் போனால் இழப்பு அவருடையது. முன்பதிவில் இந்த வரிசை தலைகீழாகிறது. இன்னும் உருவாகாத பொருளுக்கு வாங்குபவர் பணம் தருகிறார். அப்பணத்தைக் கொண்டே அச்சு வார்க்கப்படுகிறது, உதிரிப் பாகங்கள் வாங்கப்படுகின்றன, ஊழியர்களுக்குச் சம்பளம் தரப்படுகிறது. ஆகவே பொருள் கைக்கு வரும்வரை அவர் வெறும் வாடிக்கையாளராக இல்லாமல், வட்டியும் ஈடும் கேட்காமல் கடன் கொடுத்தவராகவும் இருக்கிறார். சீட்டுப் பிடிப்பவரிடம் தம் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பவரைப் பொறுமையற்றவர் என்று எவரும் சொல்வதில்லை. முன்பதிவு செய்தவரின் கேள்வியும் அதே இயல்புடையதுதான்.

பொறுமையை மட்டும் நம்பிய ஏற்பாடு எங்கே போய் முடியும் என்பதற்குக் 'கூலெஸ்ட் கூலர்' என்னும் கருவியின் வரலாறு தெளிவான சான்று. மின்கலத்தில் இயங்கும் மிக்சி, புளூடூத் ஒலிபெருக்கி, கைபேசிக்கு மின்னேற்றும் வசதி ஆகியவை பொருத்தப்பட்ட இந்த ஐஸ் பெட்டிக்காக, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரைச் சேர்ந்த ரயன் கிரெப்பர், 2014இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி திரட்டினார். ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் பலர் சிறு சிறு தொகையாக முன்பணம் தருவதைக் கூட்டுநிதி என்பர்; 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் அதற்கான முதன்மையான தளங்களுள் ஒன்று. 50,000 டாலர் இலக்கு வைத்த இத்திட்டத்துக்கு 62,000க்கும் மேற்பட்டோர் 1.32 கோடி டாலருக்கு மேல் தந்தனர். அத்தளம் அதுவரை கண்டிராத தொகை அது. 2015 பிப்ரவரியில் பொருள் கிடைக்கும் என்று வாக்களிக்கப்பட்டது.

அந்த மாதம் கடந்தது. மிக்சியின் மோட்டாரைத் தயாரிக்கும் ஆலையில் வேலைநிறுத்தம் என்பது உள்ளிட்ட காரணங்கள் சொல்லப்பட்டன. 2015 இறுதியில், ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் காத்திருக்கும்போதே, அதே பெட்டி அமேசான் தளத்தில் அவர்கள் கொடுத்ததைவிட மிகக் கூடிய விலைக்கு விற்பனைக்கு வந்தது. நிறுவனம் தொடர்ந்து இயங்கப் பணம் தேவை என்பதே அதற்குத் தரப்பட்ட விளக்கம். 2016இல், விரைவாகப் பொருள் வேண்டுவோர் மேலும் 97 டாலர் செலுத்தலாம் என்று அறிவிக்கப்பட்டது. 2017இல் ஒரிகன் மாநில நீதித்துறையுடன் நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2019 டிசம்பரில், சீனப் பொருள்கள்மீதான இறக்குமதி வரியைக் காரணங்காட்டி அது மூடப்பட்டபோது, ஏறத்தாழ 20,000 பேருக்குப் பொருள் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அவர்கள் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவர்கள். பொறுமை அவர்களிடம் குறைவாக இருந்ததால் திட்டம் தோற்கவில்லை; பெற்ற விலை அனைவருக்கும் பொருள் செய்து அனுப்பப் போதாதது என்னும் கணக்குப் பிழை, அவர்கள் பொறுத்திருந்த ஒவ்வொரு மாதமும் நீண்டுகொண்டே போனது.

இங்கே, கூட்டுநிதித் தளம் கடையன்று என்னும் மறுப்பு எழும். 2012இல் கிக்ஸ்டார்ட்டர் நிறுவனமே இக்கருத்தை வெளிப்படையாக அறிவித்து, கருவிகளைக் காட்டும்போது கணினியில் வரைந்த கற்பனைத் தோற்றங்களைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. திட்டத்தின் இடர்களையும் சவால்களையும் விளக்கும் பகுதியையும் கட்டாயமாக்கியது. ஆனால் இந்த மறுப்பு பொறுமை வாதத்துக்குத் துணை நிற்பதில்லை. கடை இல்லையென்றால் பணம் தந்தவர் வெறும் நுகர்வோர் அல்லர். முயற்சியின் இடரைப் பகிர்ந்துகொண்டவர். இடரைப் பகிர்பவருக்கு நுகர்வோரைவிடக் கூடுதலாகத் தகவல் தரப்பட வேண்டுமே தவிர, குறைவாக அன்று. அத்தளத்தின் விதிகளும், சொன்னதை நிறைவேற்ற முடியாதவர் பணம் எவ்வாறு செலவானது என்று விளக்கவும், எஞ்சிய தொகையைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவர் என்றே கூறுகின்றன.

தாமதம் இத்துறையில் இயல்பு, ஆகவே எதிர்பார்த்தே பணம் கட்ட வேண்டும் என்பது அடுத்த வாதம். தாமதம் இயல்பு என்பது உண்மை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த ஈதன் மாலிக் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பொருள் தருவதாக வாக்களித்த திட்டங்களுள் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை குறித்த காலத்தைத் தவறவிட்டதையும், இலக்கைவிட மிகுதியாக நிதி சேர்ந்தவை கூடுதலாகத் தாமதித்ததையும் கண்டறிந்தது. ஆனால் இக்கண்டுபிடிப்பு வாங்குபவரைவிட விற்பவருக்கே பாடம் சொல்கிறது. முக்கால் பங்கு தவறும் என்று தெரிந்த துறையில், எல்லாம் தடையின்றி நடந்தால் மட்டுமே சாத்தியமாகும் தேதியைக் குறிப்பிடுவது மதிப்பீடு ஆகாது. அது பணத்தை ஈர்க்கும் விளம்பரம். இயல்பானது முன்னறியத் தக்கது. முன்னறியத் தக்கதை மறைத்துவிட்டுப் பின்னர் அதையே சாக்காகச் சொல்வது நேர்மையாகாது.

கருவி செய்வது கடினம் என்னும் வாதத்துக்கும் உரிய மதிப்பளித்தே விடை கூற வேண்டும். பிளாஸ்டிக் உறுப்புகளை வார்ப்பதற்கான எஃகு அச்சு, தொழிற்கூடங்களில் மோல்டு எனப்படுவது, செய்து முடிக்கப் பல வாரங்கள் ஆகும். முதல் வார்ப்பில் குறை தெரிந்தால் அதைத் திருத்த மேலும் வாரங்கள் தேவை. வெப்பமும் மின்சாரமும் நீரும் சேரும் சமையல் கருவிக்கு மின்பாதுகாப்புச் சோதனையும், உணவைத் தொடும் உறுப்புகளுக்குத் தனித் தகுதியும் வேண்டும். இவற்றில் எதையும் அவசரத்தால் தவிர்க்கக் கூடாது. பாதுகாப்புக்காக ஏற்படும் தாமதம் வரவேற்கத் தக்கதே. ஆனால் அதைக் கோருபவர், எந்தச் சோதனை தோற்றது, என்ன திருத்தம் நடக்கிறது, எவ்வளவு பணம் மீதமிருக்கிறது என்று சொல்லக் கடமைப்பட்டவர். கடினம் என்பது தாமதத்துக்குக் காரணமாகலாம், மௌனத்துக்குக் காரணமாகாது.

அமெரிக்கச் சட்டம் இவ்வேறுபாட்டை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தது. அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம், அஞ்சல்வழி விற்பனைக்காக 1975இல் கொண்டுவந்து, பின்னர் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் விரிவாக்கிய விதியின்படி, விற்பவர் தாம் அறிவிக்கும் காலத்தில் பொருளை அனுப்ப முடியும் என்பதற்கு நியாயமான அடிப்படை வைத்திருக்க வேண்டும். காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள்களே பொதுவான வரம்பு. தாமதம் நேர்ந்தால், காத்திருக்கவோ ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறவோ வாங்கியவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். முதல் தாமதம் 30 நாள்களுக்கு உட்பட்டதாயின் அவருடைய மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம்; அதனினும் நீண்டதாகவோ முடிவு தெரியாததாகவோ இருந்தால் மௌனம் சம்மதமாகாது, வெளிப்படையான ஒப்புதல் இல்லாத நிலையில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நிறுவனம் நேரடியாக முன்பதிவு பெற்று விற்கும்போது பொருந்தும் இவ்விதியின் உட்பொருள், பொறுமை கேட்டுப் பெற வேண்டிய ஒன்றே தவிர, இருப்பதாகக் கருதிக்கொள்ள வேண்டிய ஒன்றன்று என்பதாகும்.

பொறுமைப் போதனை விளைக்கும் மிகப் பெரிய தீங்கு இனிமேல்தான் வருகிறது. வாங்குபவரின் உரிமைகளுக்குக் கால எல்லை உண்டு. கடனட்டைக் கட்டணங்களைப் பற்றிய 1974ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், பொருள் வந்து சேராததற்கான முறையீட்டை, அக்கட்டணம் இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்கிறது. சில அட்டை நிறுவனங்கள் கூடுதல் அவகாசம் தந்தாலும் அதற்கும் முடிவு உண்டு. இன்னும் சில வாரம், இன்னும் ஒரு மாதம் என்று வரும் ஒவ்வொரு வாக்குறுதியையும் நம்பிக் காத்திருப்பவர், நல்லவராக நடந்துகொண்ட காரணத்தாலேயே தம் பாதுகாப்பை இழக்கிறார். முதலிலேயே கேட்டவருக்குப் பணம் திரும்புகிறது, பொறுத்தவருக்கு வெறுங்கணக்கே மிஞ்சுகிறது.

சிறு நிறுவனங்களைக் காக்கவே பொறுமை வேண்டும் என்போர், அப்பொறுமை எத்தகைய நிறுவனத்தைக் காக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. உற்பத்திச் செலவை நேர்மையாகக் கணக்கிட்டுக் கூடிய விலையும் நெடிய காலமும் சொல்பவர், குறைந்த விலையும் அண்மைத் தேதியும் சொல்பவரிடம் போட்டியில் தோற்கிறார். தவறிய தேதிக்கு எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை என்றால், பொய்த் தேதியே லாபகரமான தேதியாகிவிடும். அளவற்ற பொறுமை சிறு தொழிலுக்கு உரமாவதில்லை. நேர்மையான சிறு தொழிலை முதலில் வீழ்த்துவது அதுவே.

எனவே, முன்பதிவு செய்தவர் நிபந்தனையுடன் மட்டுமே பொறுக்க வேண்டும். புதிய தேதி, அதற்கான காரணம், பணத்தின் நிலை, திரும்பப் பெறும் வழி ஆகிய நான்கும் வெளிப்படையாகத் தரப்படும்போது காத்திருப்பது தாராள மனத்தின் அடையாளம். அவற்றுள் ஒன்று மறைக்கப்பட்டாலும் பணத்தைத் திரும்பக் கேட்பதே முறை. அவ்வாறு கேட்பவர் புதுமைக்குப் பகைவர் அல்லர். தம்மோடு பணம் கட்டிய பிறருக்கும், அடுத்து வரப்போகும் நேர்மையான உற்பத்தியாளருக்கும் அவர் செய்வது நன்மையே. அவரைக் கண்டிப்பதை விடுத்து, அவரோடு சேர்ந்து கேட்பதே மற்ற வாடிக்கையாளர்கள் செய்ய வேண்டியது.