தசையைக் குறை சொல்லுமுன் எலும்பைப் பாருங்கள்

இடுப்பு வலி, முழங்கால் வலி என்று போகிறவர்களுக்கு இப்போது அடிக்கடி கிடைக்கும் பதில், "பிட்டத் தசை பலவீனமாக இருக்கிறது" என்பது. கூடவே ஒரு ரப்பர் பட்டையும், நான்கு பயிற்சிகள் அச்சடித்த தாளும் கைக்கு வரும். யாருக்கானாலும் அதே தாள்தான். ஆனால் ஒரு தசை எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது அந்தத் தசையை மட்டும் பொறுத்ததல்ல. அது பற்றியிருக்கும் எலும்பின் கோணத்தையும் பொறுத்தது. எலும்பை அளக்காமல் தசையைக் குறை சொல்வது, தராசுக் கோலைப் பார்க்காமல் படிக்கல்லைத் திட்டுவதற்குச் சமம்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது உடலின் எடை இடுப்பு மூட்டுக்கு உட்புறமாக இறங்குகிறது. இடுப்பு மறுபக்கம் சரியாமல் வெளிப்புறமிருந்து இழுத்துப் பிடிப்பதில் முதலிடம் நடுப் பிட்டத் தசைக்கு. எடைக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளத்தில் பாதிகூடத் தசைக்குக் கிடைப்பதில்லை. அதனால் உடல் எடையைப்போல் ஏறத்தாழ 2 மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. தொடை எலும்பின் கழுத்துக்கும் தண்டுக்கும் உள்ள கோணம் பெரியவர்களிடம் சுமார் 125 முதல் 130 டிகிரி. அது 140-ஐத் தாண்டினால் தசை பற்றும் முனை மூட்டை நெருங்கி நெம்புகோல் இன்னும் குறுகும். அதே உடலைத் தாங்க அதே தசை கூடுதலாக இழுக்க வேண்டும். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியவர்கள் அசைந்தசைந்து நடப்பது, இந்தத் தசைகளால் இடுப்பைத் தாங்க முடியாததால்தான் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரெட்ரிக் டிரெண்டலென்பர்க் 1895-லேயே விளக்கினார். அங்கே தசைக்குத் தனியாக நோய் எதுவுமில்லை. எலும்பு இடம் மாறியதால் அதன் பிடி போயிற்று.

தொடை எலும்பின் முறுக்கும் இப்படித்தான். பிறக்கும்போது 30 முதல் 40 டிகிரி வரை முன்நோக்கி இருக்கும் முறுக்கு, வளர வளரச் சுமார் 15-க்குக் குறைகிறது. சிலருக்குக் குறைவதில்லை. முறுக்கு மிகுந்தவர்களிடம் நடுப் பிட்டத் தசையின் மின்செயல்பாடும், முன்தொடையின் உட்புறத் தசையின் மின்செயல்பாடும் குறைந்திருப்பதை 2004-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் ஏன் பாதத்தை உட்புறம் திருப்பி நடக்கிறார்கள் என்று கணினி மாதிரிகளில் ஆராய்ந்தவர்களுக்கு இன்னொன்றும் புலப்பட்டது: தொடையை உட்புறம் திருப்பினால், முறுக்கால் இழந்த நெம்புகோல் நீளம் ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. "காலை நேராக வைத்து நட" என்று நாம் அதட்டும் நடை, அந்த உடல் தனக்குத்தானே கண்டுகொண்ட வழியாக இருக்கலாம்.

எலும்பை மாற்ற முடியாதபோது அளந்து என்ன பயன் என்று கேட்கலாம். மாற்ற முடியாது என்பதாலேயே அளக்க வேண்டும். முறுக்கு மிகுந்தவரைப் பாதத்தை நேராக்கிக் குந்தச் சொல்வதும், மூட்டு தேய்ந்தவருக்கு எதிர்க்கையில் ஒரு கைத்தடி கொடுக்காமல் பயிற்சியை மட்டும் கூட்டுவதும் அளக்காததால் வரும் பிழைகள். அளவு இயல்பிலிருந்து விலகினால் வலி வந்துதான் ஆக வேண்டுமா, இடுப்பு எலும்பு முன்புறம் சாய்ந்த பலருக்கு வலியே இல்லையே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான், வலியில்லாத 120 பேரை அளந்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்களில் 85 சதவீதத்தினருக்கும் பெண்களில் 75 சதவீதத்தினருக்கும் இடுப்பு முன்சாய்ந்தே இருந்தது. ஆகவே சாய்வைக் காட்டிப் பயமுறுத்தி, "நேராக்கித் தருகிறோம்" என்று கட்டணம் வாங்குவதும் தவறு. அளவு என்பது நோயின் பெயரல்ல. சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கான குறிப்பு.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடையின் வெளிப்புற எலும்பு மேடு கைக்கு நன்றாகத் தட்டுப்படும்வரை காலைச் சுழற்றினால், கீழ்க்கால் சாய்ந்திருக்கும் கோணமே முறுக்கைத் தோராயமாகச் சொல்லிவிடும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்த பிறகு அதே ரப்பர் பட்டையைக் கொடுத்தாலும் தவறில்லை.