சமத்துக் குட்டி

"ரெண்டா எடுத்து வளங்க சார். ஒண்ணுக்கொண்ணு துணையா விளையாடிக்கிடும். உங்களுக்கு வேலையே இருக்காது."

இப்படிச் சொன்னவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவர்கூட இரண்டு குட்டிகளைச் சேர்த்து வளர்த்தவர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைத் தையல்கடைக்குப் பின்னால் ஒரு தெருநாய் போட்ட ஈத்தில் மிஞ்சியவை இவை இரண்டும். தாய் வண்டியில் அடிபட்டுப் போனது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஏழு வாரம் இருக்கும். பேத்தி வீடியோ காலில் பார்த்துப் பெயர் வைத்தாள். செவலைக்குப் பட்டாசு, வெள்ளைக்குப் பஞ்சு. இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு எப்படித்தான் அவ்வளவு சரியாகச் சொன்னாளோ!

பட்டாசு காலை நாலரைக்கு எழுந்து என் வேட்டி நுனியைப் பிடித்து இழுப்பான். துளசி மாடத்தைச் சுற்றி முப்பது சுற்று ஓடுவான். செருப்பு, துடைப்பம், மின்கட்டண அட்டை எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். பஞ்சு வாசல்படியில் தலையை வைத்துப் படுத்து, அண்ணன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வந்தவர்கள் எல்லாம், "இது வாலு, அது சமத்து" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்களும் அதையே சொன்னோம்.

அந்த 'சமத்து' என்ற சொல்லின் மேல்தான் எனக்கு இப்போது கோபம்.

ஒரு குட்டியைச் சமத்து என்று சொல்லிவிட்டால், அதைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்து நாம் விலகிக்கொள்கிறோம். என் நாள் முழுவதும் பட்டாசின் பின்னால் ஓடுவதிலேயே போயிற்று. பஞ்சு எத்தனை மணிக்குத் தூங்கினான், எவ்வளவு தின்றான் என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது. இரண்டுக்கும் ஒரே தட்டில் தயிர்சாதம். தட்டு காலியாகும். நான் திருப்தியாக உள்ளே போய்விடுவேன்.

ஒரு நாள் மதியம் என் மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, இது எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

"அது எப்பவும் அப்படித்தானே" என்றேன். பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. சாயங்காலம் தூக்கியபோது கை கால் எல்லாம் துணி மாதிரித் தொங்கியது.

ஆட்டோ பிடித்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இருந்த பெண் டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும். பஞ்சுவின் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். ஈறு சுவர் மாதிரி வெளுத்திருந்தது. கொக்கிப்புழு. தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடுமாம். குடலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுமாம்.

"புழு மருந்து குடுத்தீங்களா?"

"ரெண்டு தடவை கொடுத்தோம்மா."

"எப்படிக் குடுத்தீங்க?"

இரண்டு பேர் அளவையும் சேர்த்துத் தயிர்சாதத்தில் கலந்து, ஒரே தட்டில் வைத்தோம். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எடை போட்டார். பட்டாசு 5 கிலோவை நெருங்கியிருந்தான். பஞ்சு 3 கிலோகூட இல்லை. அவன் சாப்பாட்டையும் மருந்தையும் ஒரு மாதமாக அண்ணனே தின்றிருக்கிறான்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம் சார்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இதில் எனக்குப் பழைய கதை ஒன்றும் ஞாபகம் வந்தது. என் மகன் சின்ன வயதில் பட்டாசு ரகம், மகள் பஞ்சு ரகம். அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதை நாலாம் வகுப்பில் டீச்சர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். அதுவரை அவள் அமைதியான பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு தடவை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். அதனால் தூக்கத்தை மட்டும் வைத்து நோய் என்றோ குணம் என்றோ சொல்லிவிட முடியாது. பட்டாசோடு ஒப்பிட்டால் பஞ்சு என்றைக்குமே மந்தம்தான். நேற்றைய பஞ்சுவோடு இன்றைய பஞ்சுவை ஒப்பிட்டிருந்தால், முன்பெல்லாம் நாலு தடவையாவது எழுந்து வந்து காலை நக்குவானே, இப்போது வருவதில்லையே என்று தெரிந்திருக்கும்.

பத்து நாள் இரும்புச்சத்து டானிக், கோழி ஈரல், மருந்து. மருந்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரமாக நானே விட்டேன். பஞ்சு பிழைத்துக்கொண்டான். ஈறு சிவந்தது. இனி இவனும் துளசி மாடத்தைச் சுற்றுவான் என்று எதிர்பார்த்தேன். சுற்றவில்லை! இரண்டு சுற்று ஓடிவிட்டு வாசல்படிக்கே திரும்பிவிட்டான். நோய் போனது, குணம் போகவில்லை. அதுவும் நல்லதுதான்.

இப்போது தட்டு இரண்டு, இடம் இரண்டு. பட்டாசு பின்கட்டில், பஞ்சு சமையலறை ஓரத்தில். நடை தனித்தனி. பஞ்சுவைத் தெருமுனை வரைதான் கூட்டிப்போவேன். உட்கார்ந்தால் நானும் நிற்பேன். பகலில் இரண்டு மணி நேரம் நடுக்கதவைச் சாத்திவிடுவேன், அவன் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று. பட்டாசை ஓடவிட்டுக் களைக்கவைக்கப் பார்த்தது என்னுடைய இன்னொரு தப்பு. ஓட ஓட அவனுக்குத் தெம்பு கூடியதுதான் மிச்சம். இப்போது ஏழெட்டுச் சிரட்டைகளைக் கவிழ்த்து, இரண்டுக்கு அடியில் மட்டும் அவித்த கோழித்துண்டு வைக்கிறேன். மோந்து தேடி முடிப்பதற்குள் ஆள் சோர்ந்து படுத்துவிடுகிறான்.

இரண்டாக வளர்க்கலாமா என்று இப்போது யாராவது கேட்டால், நேரமும் இரண்டு மடங்கு இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறேன். துணைக்குத் துணை என்று எடுக்காதீர்கள்.

காலையில் காபி போடும் முன் என் மனைவி பஞ்சுவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறாள். இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பட்டாசும் முண்டியடித்து வந்து பல்லைக் காட்டுகிறான்.