எல்லை தாண்டும் வாகனமும் பதிவு மாற்றமும்

பெங்களூரில் ஒருவர் உபயோகித்த மோட்டார் சைக்கிளைக் கிரயம் பேசி வாங்கி, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூருக்கு ஓட்டி வருவது ஒரு காலைப்பொழுதின் காரியமாயிருக்க, அதன் பதிவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதோ மாதக் கணக்கில் இழுபடுவதைச் சாமானிய ஜனங்கள் நன்கறிவார்கள். சேசிஸ் எண்ணின்மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியோடு 28-ஆம் படிவத்தைச் சமர்ப்பித்து, திருட்டு வழக்கில்லை, வரி பாக்கியில்லை என்று நிரூபித்துத் தடையின்மைச் சான்றிதழ் பெற்ற பிறகும், ஆயுட்கால வரியை இங்கே மறுபடி செலுத்திவிட்டு, அங்கே கட்டியதில் எஞ்சியதைத் திரும்பப் பெற மீண்டும் அலைய வேண்டியிருக்கிறது.

களவுபோன வாகனங்கள் எல்லை தாண்டி மறைந்துவிடாதிருக்க இச்சோதனைகள் அவசியமே. அவற்றை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆயினும், விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தெரிவிக்காவிடில் சான்றிதழ் வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 48-ஆம் பிரிவில் பிரஜைக்கு அளித்திருக்கும் உரிமை ஏட்டளவில் நின்றுவிடுவது நியாயமன்று. எஞ்சிய வரியை இரு மாநில சர்க்கார்களும் தமக்குள்ளேயே கணக்குத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை: சான்றிதழ் கைக்கு வருமுன் முழுத்தொகையைக் கொடுத்துவிடாதீர்கள்.