ஸ்கை தீவுக்கு எத்தனை நாள் வேணும்?

படிக்கவென்று ஐக்கிய இராச்சியம் போகிற எங்கட ஆக்கள் எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. லண்டன் முடிந்தால் ஸ்கொட்லாந்து. ஸ்கொட்லாந்து என்றால் ஸ்கை தீவு. கிளாஸ்கோவில் மாஸ்டர்ஸ் செய்கிற சிநேகிதி ஒருத்தி அண்மையில் தன்ர திட்டத்தை எங்களுக்கு அனுப்பியிருந்தா. "ஸ்கை: ஒரு நாள். விடிய வெளிக்கிட்டு இரவு திரும்புறது." கீழே ஏழு இடங்களின் பெயர். கடைசியில், "ஒரு நாள் காணும் தானே?"

இதைப் பற்றி எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. வரைபடத்தை விரித்து, தூரங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து நாங்கள் வந்த முடிவு இதுதான்: காணாது. குறைந்தது மூன்று இரவு வேணும். கையில் ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் ஸ்கையை இந்தமுறை விட்டுவிடுவது நல்லது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கிளாஸ்கோவில் இருந்து தீவின் பிரதான ஊரான போர்ட்ரீக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர். மலைப் பாதை என்பதால் காரிலேயே ஐந்து மணித்தியாலம் போய்விடும். போக ஐந்து, வர ஐந்து. மிச்சம் என்ன இருக்கு? தீவும் சின்னதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டை விடப் பெரியது, 1,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். கனக்க வீதிகள் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடியவை. எதிரே ஒன்று வந்தால் ஒதுங்கி வழிவிட வேணும். வடக்கே ஓல்ட் மேன் ஒஃப் ஸ்டோர் என்ற பாறைத்தூண், மேற்கு முனையில் நீஸ்ட் பொயின்ட் வெளிச்சவீடு, தெற்கே கூலின் மலையடியில் ஃபெயரி பூல்ஸ். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கிறவர் உண்மையில் பார்ப்பது பஸ் யன்னலைத்தான்.

அடுத்தது காலநிலை. கேலிக் மொழியில் இந்தத் தீவுக்கு 'மூடுபனித் தீவு' என்றும் ஒரு பெயர் இருக்கிறது. சும்மா வைத்த பெயரில்லை. போன நேரம் மலையை முகில் மூடியிருந்தால், ஒருநாள் பயணிக்கு வேற வழியில்லை. மூன்று நாள் நிற்கிறவர் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கலாம். 'ஒரு நாள்' என்பதும் அங்கே ஒரே அளவில்லை. ஜூனில் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும்; டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கு முதலே இருட்டிவிடும். குளிர்கால விடுமுறையில் போகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

ஆனால் எங்கட வாதத்தின் நடுப்புள்ளி தூரமும் மழையும் இல்லை. அந்த அழகான படங்களில் ஏன் ஆக்களே இல்லை என்று யோசித்திருக்கிறீங்களா? 1841இல் ஸ்கையில் ஏறத்தாழ 23,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று ஏறத்தாழ 10,000. வேலை தேடிப் போனதும் 1846க்குப் பிறகான உருளைக்கிழங்குப் பஞ்சமும் காரணங்கள்தான். ஆனால் நிலச்சொந்தக்காரர்கள் செம்மறிகளுக்கு இடம் தேடிக் குடிகளை எழுப்பியதும் ஒரு பெரிய காரணம். தெற்கே பொரெரெய்க், சுயிஷ்னிஷ் என்ற இரண்டு ஊர்களில் 1853இல் சனங்களை வெளியேற்றினார்கள். கூரையில்லாத கல்வீடுகள் இப்பவும் நிற்கின்றன. அங்கே போக நடக்க வேணும். போய்வர அரை நாளாவது பிடிக்கும். எந்த ஒருநாள் பஸ்ஸும் அங்கே காத்து நிற்காது.

போர்ட்ரீக்குத் தெற்கே கொஞ்சத் தூரத்தில் பிரேஸ். மேய்ச்சல் நிலத்தைத் திருப்பிக் கேட்டு வாடகை கொடுக்க மறுத்த குடியானவர்கள், 1882இல் கிளாஸ்கோவில் இருந்து வந்த பொலிசாரோடு அங்கேதான் மோதினார்கள். பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். அடுத்த வருடம் அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. அதன் முதல் அமர்வும் பிரேஸில்தான். 1886இல் வந்த சட்டம் குடியானவர்களை நினைத்தபடி எழுப்ப முடியாமல் செய்தது. காலியான ஊர் என்றால் என்ன, ஆணைக்குழு என்றால் என்ன என்று எங்கட தலைமுறைக்கு ஆரும் விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாங்களே இதைத் தெரியாமல் 'என்ன அமைதி!' என்று படம் போட்டுவிட்டு வந்தால் அது சரியில்லை.

மொழியும் அப்படித்தான். வீதிப் பலகைகளில் கேலிக்கும் ஆங்கிலமும் சேர்ந்திருக்கும். தெற்கே ஸ்லெயிட்டில் 1973இல் பழைய பண்ணைக் களஞ்சியத்தில் தொடங்கிய கேலிக் கல்லூரியில் இன்று கேலிக் வழியாகவே பட்டம் படிக்கலாம். கலைப்பீட ஆக்களுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

"காசு?" என்று கேட்பீங்கள். நியாயமான கேள்வி. கோடையில் தங்குமிடம் விலை, முன்கூட்டியே பதிய வேணும். ஆனால் ஒருநாள் பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி நகரத்துக் கம்பனிக்கே போகிறது. தீவு ஆக்களுக்கு மிஞ்சுவது வாகன நெரிசலும் குப்பையும். நாலு பேர் சேர்ந்து ஒரு விடுதியில் தங்கி, ஊர்க் கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டால் செலவும் குறையும், காசும் அங்கேயே நிற்கும்.

எங்கட கணக்கு இப்படி: போய்ச் சேர ஒரு நாள். வடக்குக்கு ஒரு நாள். பிரேஸுக்கும் பொரெரெய்க்குக்கும் ஒரு நாள். நாலாம் நாள் ஸ்லெயிட் வழியாக வந்து, ஆமடேலில் கப்பலேறி மலெய்க்குக்குப் போய், அங்கிருந்து ரயில். மழை குழப்பினால் வடக்கையும் தெற்கையும் மாற்றிக்கொள்ளுங்கோ. ஏழு இடத்தில் நாலை வெட்டுங்கோ.

மூன்று இரவுக்கு லீவு கிடைக்காட்டி அரன் தீவுக்குப் போங்கோ. கிளாஸ்கோவில் இருந்து ரயிலும் கப்பலுமாக ஒரே நாளில் போய்வரலாம். ஸ்கை அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.